எதையும் நம்பாத மக்கள்: ரஷ்யாவில் ஊடகமும் அரச பிரசாரமும்

சோவியத் காலத்தில் ரஷ்யர்களிடையே ஒரு பகிடி உலவியது. அப்போதைய இரு பெரும் பத்திரிகைகள் 'பிராவ்தா', 'இஸ்வெஸ்தியா'. முதலாவதன் பொருள் உண்மை, இரண்டாவதன் பொருள் செய்தி. 'உண்மையில் செய்தி இல்லை, செய்தியில் உண்மை இல்லை' என்பதே அந்தப் பகிடி. அரச ஊடகத்தை அந்தளவுக்குச் சந்தேகித்த சமூகத்தில், உக்ரேன் போருக்கான பிரசாரம் எப்படி எடுபடுகிறது?

தொலைக்காட்சி கைமாறிய கதை

1994இல் தொடங்கிய முதலாவது செச்சினியப் போரின் அழிவுகளை என்ரிவி என்ற தனியார் தொலைக்காட்சி களத்திலிருந்தே காட்டியது. போருக்கு எதிரான மக்கள் உணர்வு வளர அதுவும் ஒரு காரணம். 1999இல் இரண்டாவது போர் தொடங்கியபோது ஊடகவியலாளர்கள் அங்கு செல்வது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புட்டின் ஜனாதிபதியான மறு ஆண்டு, 2001 ஏப்ரலில், அரசின் பிடியிலுள்ள காஸ்புரோம் எரிவாயு நிறுவனம் என்ரிவியைக் கைப்பற்றியது.

கட்டுப்பாடுகளை மீறிச் செச்சினிய மக்களின் துயரை 'நோவயா கஸியெத்தா' பத்திரிகையில் எழுதிவந்த அன்னா பொலித்கோவ்ஸ்கயா, 2006 ஒக்டோபர் 7 அன்று மொஸ்கோவில் தனது குடியிருப்புக் கட்டடத்தின் மின்தூக்கியில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2014இல் ஐவருக்குத் தண்டனை வழங்கப்பட்டது. கொலைக்கு உத்தரவிட்டவர் யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர், உக்ரேனில் போரிட்டதற்காக 2023இல் மன்னிப்புப் பெற்று விடுதலையானார்.

ஒரு பொய் அல்ல, பல கதைகள்

2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரேன் வான்பரப்பில் மலேசியப் பயணிகள் விமானம் சுட்டுவீழ்த்தப்பட்டு 298 பேர் உயிரிழந்தனர். உக்ரேனியப் போர் விமானம் சுட்டது என்றது ரஷ்ய ஊடகங்களில் வந்த ஒரு கதை. உக்ரேனிய ஏவுகணைதான் காரணம் என்றது இன்னொன்று. புட்டினின் விமானத்துக்கு வைத்த குறி தவறிவிட்டது என்றது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. ஏவுகணைச் செலுத்தி ரஷ்யாவிலிருந்தே கொண்டுவரப்பட்டது என 2022இல் நெதர்லாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தகைய பிரசாரத்துக்கு ஒரு கதையை எல்லோரும் நம்பவேண்டிய அவசியம் இல்லை. பார்ப்பவர் களைத்துப்போய், 'எல்லோரும் பொய்தான் சொல்கிறார்கள், நமக்கேன் வம்பு' என்று ஒதுங்கினாலே போதும். அரசின் பொய்யும் சாட்சியின் வாக்குமூலமும் அவருக்கு ஒன்றாகிவிடுகின்றன. அவநம்பிக்கை அவரைப் பாதுகாக்கவில்லை, மௌனமாக்கிவிடுகிறது.

'போர்' என்ற சொல்

2022 பெப்ரவரி 24 படையெடுப்பை 'விசேட இராணுவ நடவடிக்கை' என்றே குறிப்பிடுமாறு ஊடகங்களுக்கு உத்தரவிடப்பட்டது. மார்ச் 4இல் வந்த சட்டம், இராணுவம் பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்புவோருக்கு 15 ஆண்டுகள் வரை சிறை என்றது. 1990இல் தொடங்கிய 'மொஸ்கோவின் எதிரொலி' வானொலி மூடப்பட்டது. 'தோஷ்த்' தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்தியது. முந்தைய ஆண்டு நொபெல் சமாதானப் பரிசு பெற்ற திமித்ரி முராத்தோவின் 'நோவயா கஸியெத்தா'வும் அச்சை நிறுத்தியது. உக்ரேனில் சிறுவர்கள் கொல்லப்படுகையில் இங்கு சித்திரப் போட்டியா எனச் சபைக் கூட்டத்தில் கேட்ட மொஸ்கோ உள்ளூராட்சி உறுப்பினர் அலெக்ஸி கோரினோவுக்கு 7 ஆண்டுகள் சிறை விதிக்கப்பட்டது.

போரைப் பெரும்பான்மையினர் ஆதரிப்பதாகக் காட்டும் கருத்துக்கணிப்புகளை இந்தப் பின்னணியிலேயே பார்க்கவேண்டும். உண்மையாகவே ஆதரிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் தவறான பதில் சிறைக்குக் கொண்டுபோகும் நாட்டில், அச்சத்தையும் ஆதரவையும் இலக்கத்தை வைத்துப் பிரிக்கமுடியாது. கணிப்புகளை நடத்தும் சுயாதீன நிறுவனமான லெவாடாவே 2016இல் 'வெளிநாட்டு முகவர்' பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பெயர்களை எண்ணுதல்

2022 செப்டெம்பரில் 5,937 படையினர் இறந்ததாக ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். அதன் பின்னர் மொத்த எண்ணிக்கையை அமைச்சு வெளியிடவில்லை. 'மீடியாஸோனா' இணையத்தளமும் பிபிசி ரஷ்ய சேவையும் தன்னார்வலர்களுடன் சேர்ந்து மரண அறிவித்தல்கள், உறவினரின் பதிவுகள், புதிய கல்லறைகள் ஆகியவற்றிலிருந்து இறந்தவர்களைப் பெயர் பெயராகச் சேகரித்தன. 2025இல் அந்தப் பட்டியல் ஒரு இலட்சத்தைக் கடந்தது. உறுதிசெய்யப்பட்ட பெயர்கள் மட்டுமே அதில் உள்ளன. உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகம் என்கிறார்கள் தொகுப்பவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரம் உண்டு. அரசையும் நம்பாத, ஊடகத்தையும் நம்பாத ஒருவர் கூட, தன் ஊர்க் கல்லறைக்குப் போய் அதைச் சரிபார்க்கலாம்.