கூரையும் கோட்பாடும்: டோக்கியோக் கொரிய மாணவரிடையே கிறித்தவப் பணி (1906–1923)

கல்விக்காகப் பேரரசுகளின் தலைநகரங்களுக்குச் சென்ற குடியேற்ற நாட்டு மாணவரிடையே கிறித்தவ நிறுவனங்கள் ஆற்றிய பணி, பெரும்பாலும் இரு எதிர்நிலைகளில் நின்றே மதிப்பிடப்பட்டுள்ளது. மிஷன் சார்பானோர் அதனை அன்புப் பணி என்பர். மறுப்போர் அதனைப் பேரரசின் பண்பாட்டுக் கருவி என்பர். இரு சாராரும் பணியைத் தொடங்கியோரின் நோக்கத்தையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அப்பணி தோற்றுவித்த நிறுவனம் யார் கையிலிருந்தது, மாணவர் அதனை எதற்குப் பயன்படுத்தினர் ஆகிய வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. டோக்கியோவில் கொரிய மாணவரிடையே இயங்கிய கிறித்தவ வாலிபர் சங்கத்தின் (வை. எம். சி. ஏ.) வரலாறு இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்றதாகும்.

1905இல் ரஷ்யாவை வென்ற யப்பான் ஆசிய இளைஞரின் கல்விக் களமாயிற்று. சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்குச் சென்றனர், கொரியரும் சென்றனர். ஆனால் அதே ஆண்டில் கொரியா யப்பானின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. ஆகவே கொரிய மாணவன் தன் நாட்டை விழுங்கிக்கொண்டிருந்த அரசின் தலைநகரிலேயே கல்வி தேடினான். இச்சூழலில், 1906இல், கொரிய மாணவருக்கெனத் தனிச் சங்கம் அமைக்கப்பட்டது. சியோல் நகரில் 1903இல் தோன்றிய வை. எம். சி. ஏ.யிலிருந்து அனுப்பப்பட்ட கிம் ஜொங்-சிக் அதன் முதற் பொதுச் செயலாளரானார். பணியாற்றியவரும் பணி பெற்றவரும் ஒரு மொழியினராக இருந்தமை மனங்கொளத்தக்கது.

1910இல் யப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அந்நிய நாட்டு மாணவராய் வந்தோர் சட்டத்தின் முன் யப்பானியப் பேரரசனின் குடிகளாயினர். எனினும் சங்கம் கொரியருக்குரியதாகவே தொடர்ந்தது. 1914இல் கண்டா வட்டாரத்தில் அதற்குச் சொந்தக் கட்டடம் கிடைத்தது. வேதப் பாட வகுப்புக்கும் வழிபாட்டுக்கும் உரிய அதே கூரையின்கீழ், 1912இல் அமைந்த கொரிய மாணவர் ஒன்றியத்தின் கூட்டங்களும் நடந்தன. தாய்மொழியிற் பேசவும் விவாதிக்கவும் பிற இடங்களில் வாய்ப்பரிதாயிருந்த நிலையில், மண்டபமும் மேடையும் அளித்த பயன் மறையுரைகளின் பயனிலும் குறைந்ததன்று. உலகளாவிய கிறித்தவ இயக்கமொன்றின் உறுப்பாக அது விளங்கியமையால், அதனை ஒரேயடியாக மூடிவிடுவதும் அரசுக்கு எளிதாயிருக்கவில்லை எனலாம்.

1919 பெப்ரவரி 8ஆந் திகதி, ஒன்றியத்தின் பொதுக்கூட்டம் என்ற பெயரில் நூற்றுக்கணக்கான மாணவர் அம்மண்டபத்தில் திரண்டனர். கொரிய இளைஞர் விடுதலை அணியின் சார்பில் பதினொருவர் கையொப்பமிட்ட சுதந்திரப் பிரகடனம் அங்கு வாசிக்கப்பட்டது. அதனை எழுதியவர் நாவலாசிரியர் யி குவாங்-சு. பொலிசார் உட்புகுந்து கூட்டத்தைக் கலைத்துத் தலைவர்களைக் கைதுசெய்தனர். ஆயினும் பிரகடனம் முன்னரே கடல் கடந்திருந்தது. சொங் கியே-பெக் என்ற மாணவர் அதன் படியைச் சியோலுக்குக் கொண்டுசென்றிருந்தார். கூட்டத்தின் பின்னர் கிம் மரியா என்ற மாணவி மேலும் படிகளைத் தம் ஆடையின் இடைக்கச்சையில் மறைத்துத் தாயகம் சேர்த்தார். மார்ச் 1ஆந் திகதி சியோலில் வெளியான பிரகடனத்தில் ஒப்பமிட்ட 33 பேரில் 16 பேர் கிறித்தவர், 15 பேர் சொண்டோ மதத்தினர், இருவர் பௌத்தர்.

இதனைக்கொண்டு கிறித்தவம் இயல்பாகவே விடுதலைச் சார்புடையது என்று கூறிவிடுதல் பொருந்தாது. அதே காலத்தில் யப்பானின் கொங்கிரகேசனல் திருச்சபை, கொரியாவிலிருந்த குடியேற்ற ஆட்சித் தலைமையின் பணவுதவியுடன் அங்குச் சமயப் பணி நடத்தியது. அதன் நோக்கங்களுள் ஒன்று கொரியரை யப்பானிய ஆட்சிக்கு இணங்கச் செய்தலாகும். மறுபுறம், அச்சபையைச் சார்ந்த பேராசிரியர் யொஷினோ சகுசோ கொரிய மாணவருக்கு ஆதரவு காட்டினார். ஒரே வேதநூல், ஒரே சபை, நிலைப்பாடுகளோ வேறு. பிரகடனத்தை எழுதிய யி குவாங்-சுவும் பிற்காலத்தில் யப்பானிய ஆட்சியோடு ஒத்துழைத்தார். மண்டபம் ஒருவரை என்றென்றைக்கும் விடுதலையாளராக்கிவிடுவதில்லை.

இலண்டன் இதற்கு ஒப்புநோக்கத்தக்க சான்று தருகின்றது. 1909இல் கேர்சன் வைலி கொலையுண்டபின் இந்திய மாணவர் மீதான அரசின் ஐயம் வலுத்தது; அரசு அவர்களுக்கென நடத்திய அமைப்புகளை மாணவர் கண்காணிப்பின் கருவிகளாகவே கருதினர். 1920இல் வை. எம். சி. ஏ. அங்கு இந்திய மாணவர் விடுதியொன்றைத் தொடங்கியபோது அதற்கு முன்னின்றுழைத்தவர் சேலத்திற் பிறந்த கே. ரி. போல். இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் வை. எம். சி. ஏ.க்களை உள்ளடக்கிய தேசிய மன்றத்தின் பொதுச் செயலாளரான முதல் இந்தியர் அவரே. விருந்தோம்பும் உரிமையைத் தம்மவர் கையில் எடுத்துக்கொள்ளும் முயற்சியாகவே அதனைக் காணவேண்டும்.

1923 செப்டெம்பர் நிலநடுக்கத்தின்போது டோக்கியோக் கட்டடம் தீக்கிரையாயிற்று. அந்நாட்களிலேயே வதந்திகளால் தூண்டப்பட்ட கும்பல்களாலும் படையினராலும் ஆயிரக்கணக்கான கொரியர் கொல்லப்பட்டனர். 1929இல் சங்கம் புதிய கட்டடம் எழுப்பியது. கட்டடத்தை மீண்டும் எழுப்பியவர்கள் அதன் தேவையை நன்கறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை.

ஆகவே, அந்நிய நாட்டு மாணவரிடையே நடைபெற்ற சமயப் பணியை ஆராய்வோர், மதம் மாறியோரின் தொகையையோ மிஷனரிமாரின் அறிக்கைகளையோ மட்டும் நோக்குதல் போதாது. விடுதியின் திறவுகோலை யார் வைத்திருந்தார்கள், மண்டபத்தில் எம்மொழி ஒலித்தது, அங்கு கூடியோர் எதனை எழுதினர் என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் வரலாற்றுப் பொருளை அதனைத் தொடங்கியோர் மட்டுமன்றி, அதனுட் புகுந்தோரும் தீர்மானிக்கின்றனர்.