ஜிம் ஏன் குதித்தான்? பயணிகள் ஏன் தூங்கினார்கள்?



கப்பலில் பொறியாளராக வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் ஜோசப் கான்ராடின் 'லார்ட் ஜிம்' நாவலைப் படித்து முடித்துவிட்டு, "ஐயா, கடைசி வரை எனக்குப் புரியவில்லை. ஜிம் ஏன் குதித்தான்?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாவலைப் படிக்காதவர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 'பாட்னா' என்று ஒரு பழைய நீராவிக் கப்பல். மெக்காவுக்குப் போகும் 800 பயணிகளை ஏற்றிக்கொண்டு செல்கிறது. ஜிம் அதில் ஓர் இளம் அதிகாரி. பாதிரியார் வீட்டுப் பிள்ளை. கடல் சாகசக் கதைகளைப் படித்து, ஆபத்து வந்தால் தானே எல்லாரையும் காப்பாற்றப்போவதாகக் கனவு கண்டு வளர்ந்தவன். ஓர் இரவு அமைதியான கடலில் கப்பல் எதன் மீதோ உரசுகிறது. அடித்தளத்தில் தண்ணீர் புகுகிறது. துருப்பிடித்த ஒரு தடுப்புச் சுவர் மட்டும்தான் மிச்சம். அது உடைந்தால் எல்லாம் முடிந்தது. இருக்கிற படகுகளோ எல்லாருக்கும் போதாது. கேப்டனும் பொறியாளர்களும் சத்தமில்லாமல் ஒரு படகை இறக்கித் தப்புகிறார்கள். ஜிம் அவர்களோடு சேராமல் ஒதுங்கி நிற்கிறான். படகில் இருப்பவர்கள் இன்னொருவனைக் கூப்பிட்டுக் குதிக்கச் சொல்கிறார்கள். அவன் ஏற்கெனவே மாரடைப்பில் விழுந்து இறந்துவிட்டான். அந்தக் கூப்பாட்டுக்கு ஜிம் குதித்துவிடுகிறான். குதிக்கலாம் என்று முடிவெடுத்த ஒரு கணத்தை அவனாலேயே சொல்ல முடியவில்லை. பார்த்தால் படகுக்குள் இருக்கிறான்.

கப்பல் மூழ்கவில்லை. ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல் அதை ஏடன் துறைமுகத்துக்கு இழுத்து வந்து சேர்க்கிறது. விசாரணை நடக்கிறது. கேப்டன் ஓடிப்போகிறான். ஜிம் மட்டும் நின்று பதில் சொல்லித் தன் மாலுமிச் சான்றிதழை இழக்கிறான். மிச்ச நாவல் முழுவதும் அவன் குதித்ததற்கான காரணத்தைத் தேடும் பயணம்தான்.

அறிஞர்கள் சொல்லும் காரணங்கள் பல. அச்சம் என்கிறார்கள் சிலர். அதிகமான கற்பனை என்கிறார்கள் வேறு சிலர். தடுப்புச் சுவர் உடைவதையும் 800 பேர் அலறுவதையும் அவன் மனக்கண்ணில் முன்கூட்டியே பார்த்துவிட்டான், அந்தக் காட்சிதான் அவனைத் தள்ளியது என்பது அவர்கள் வாதம். அவனை விட்டுவிட்டு ஆசிரியரின் மனத்துக்குள் போகிறவர்களும் உண்டு. கான்ராட் போலந்துக்காரர். தாய்நாடு அந்நியர் ஆட்சியில் இருந்தபோது வெளியேறிக் கடலுக்குப் போனவர். ஆங்கிலத்தில் எழுதிப் பிழைக்கிறாரே என்று 1899-இல் போலந்து எழுத்தாளர் எலிசா ஓஷெஷ்கோவா அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். நாவல் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அதனால் விட்டுவிட்டுப் போன கப்பல் போலந்துதான் என்கிறார்கள். சுவையான வாதம். ஆனால் அதை நிரூபிக்க முடியாது.

நான் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். எனக்கு வேறொரு வழி தெரியும். இந்தக் கதைக்குப் பின்னால் உண்மையில் நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கான்ராட் எதை அப்படியே எடுத்துக்கொண்டார், எதை மாற்றினார் என்பது தெரியும். மாற்றிய இடம்தான் நமக்கு முக்கியம்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு கிழக்கிலிருந்து செங்கடலுக்குப் போகும் நீராவிக் கப்பல்கள் பெருகின. மலாய்த் தீவுகளிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிச் செல்வது பெரிய தொழிலாயிற்று. 'ஜெட்டா' என்ற கப்பல் 1880 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பினாங்கு வழியாக அரேபியா நோக்கிப் போனது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று 900-க்கும் மேற்பட்ட பயணிகள். கேப்டன் பெயர் ஜோசப் கிளார்க். அவர் மனைவியும் கப்பலில் இருந்தார். முதன்மை அதிகாரி ஆகஸ்டின் பாட்மோர் வில்லியம்ஸ், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரர், அவரும் ஒரு பாதிரியாரின் மகன். ஜிம்முக்கு மாதிரியாக இருந்தவர் இவர்தான்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் கடும் புயல். கப்பலின் கொதிகலன்கள் இருக்கையிலிருந்து பெயர்ந்து ஆடத் தொடங்கின. குழாய் இணைப்புகள் உடைந்து தண்ணீர் புகுந்தது. கடைசியில் இயந்திரமும் நின்றது. ஆப்பிரிக்கக் கொம்பின் முனையான குவார்தஃபூய் முனைக்கு அருகே, ஆகஸ்ட் 8 விடியுமுன், கேப்டன், அவர் மனைவி, வில்லியம்ஸ், தலைமைப் பொறியாளர் உள்ளிட்ட சிலர் ஒரு படகில் இறங்கிப் போய்விட்டார்கள். அன்றே 'சிந்தியா' என்ற கப்பல் அவர்களைக் கண்டு ஏற்றிக்கொண்டது. 10-ஆம் தேதி ஏடனில் இறங்கியதும் அவர்கள் சொன்னது: ஜெட்டா மூழ்கிவிட்டது, பயணிகள் எங்களைத் தாக்கினார்கள். தந்தி லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் பறந்தது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் எத்தனை வீடுகளில் அன்று ஒப்பாரி எழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மறுநாள், ஆகஸ்ட் 11-ஆம் தேதி, 'ஆன்டெனார்' என்ற கப்பல் ஜெட்டாவை இழுத்துக்கொண்டு அதே ஏடன் துறைமுகத்துக்குள் வந்தது. பயணிகள் உயிரோடு இருந்தார்கள்.

விசாரணை நடந்தது. கேப்டன் கிளார்க்கின் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. கேப்டனைக் கப்பலை விட்டுப் போகத் தூண்டியதற்காக வில்லியம்ஸ் கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். பயணிகள் உங்கள் மனைவியைக் கொன்றுவிடுவார்கள் என்று கேப்டனிடம் அவர் சொன்னதாக விசாரணையில் வெளிவந்தது.

இனி கான்ராட் செய்த மாற்றத்துக்கு வருகிறேன். உண்மையான ஜெட்டாவில் பயணிகள் நாள்கணக்கில் விழித்திருந்தார்கள். தண்ணீர் இறைத்தார்கள். அதிகாரிகள் படகில் இறங்கப் போவது தெரிந்ததும் தடுக்கப் பார்த்தார்கள், கையில் கிடைத்ததை எடுத்து வீசினார்கள். அதிகாரிகள் போன பிறகும், கப்பலில் மிஞ்சிய சிப்பந்திகளோடு சேர்ந்து மறுபடி இறைத்தார்கள், பாய் விரித்தார்கள். ஆன்டெனார் வந்து சேரும் வரை கப்பலை மிதக்க வைத்தது அவர்களுடைய கைகள்.

நாவலின் பாட்னாவிலோ பயணிகள் தூங்குகிறார்கள். கடலும் அமைதியாக இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாரும் ஒன்றும் தெரியாமல் உறங்கும்போதுதான் அந்த ஓட்டம் நடக்கிறது.

கான்ராட் ஏன் அவர்களைத் தூங்க வைத்தார்? அவர் கப்பலில் இருபது ஆண்டு உழைத்தவர். 1883-இல் சிங்கப்பூரில் வந்து இறங்கியபோது இந்தக் கதை துறைமுகத்தில் எல்லார் வாயிலும் இருந்தது. விவரம் தெரியாமல் மாற்றினார் என்று சொல்ல முடியாது. நான் எண்ணிப் பார்த்தவரை காரணம் இதுதான்: புயல் இருந்தால் ஜிம் புயலைச் சாக்காகச் சொல்லலாம். பயணிகள் தாக்கினால் தற்காப்பு என்று சொல்லலாம். இரண்டையும் எடுத்துவிட்டால் அவன் ஒளிந்துகொள்ள இடமில்லை. அவனும் அவன் மனமும் மட்டும்தான் மிச்சம். நாவலாசிரியருக்கு இது தேவை. ஒரு மனிதனின் உள்ளத்தை மட்டும் எடுத்துச் சோதிக்க, சுற்றியிருந்த எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. 800 பேர் சரக்கு மாதிரி ஆகிவிட்டார்கள். ஜிம் ஏன் குதித்தான் என்று நூறாண்டுக்கு மேல் கேட்கிறோம். அவர்கள் ஏன் கப்பலை மிதக்க வைத்தார்கள், எப்படி வைத்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

கான்ராடுக்கு இது தெரியாமல் இல்லை என்பதற்கு நாவலிலேயே இரண்டு இடங்கள் இருக்கின்றன. வேகமாகப் படித்தால் தவறவிட்டுவிடுவோம்.

ஒன்று: இருட்டில் ஒரு பயணி எழுந்து ஜிம்மைப் பிடித்துக்கொள்கிறான். அவன் கத்திக் கூட்டத்தை எழுப்பிவிடுவான், கலவரம் வந்துவிடும் என்று நினைத்து ஜிம் கையிலிருந்த விளக்கால் அவன் முகத்தில் அடிக்கிறான். பிறகுதான் தெரிகிறது, அவன் நோயுற்ற தன் குழந்தைக்குத் தண்ணீர் கேட்டிருக்கிறான். தன் அச்சத்தை எதிரே இருப்பவனின் நோக்கமாக எண்ணிவிட்டான் ஜிம். ஏடனில் கிளார்க்கும் வில்லியம்ஸும் "அவர்கள் எங்களைக் கொல்ல வந்தார்கள்" என்று சொன்னதை இந்தக் காட்சியோடு சேர்த்துப் படியுங்கள்.

இரண்டு: அதிகாரிகள் ஓடிய பிறகும் சுக்கானை விடாமல் பிடித்திருந்த இரண்டு மலாய் மாலுமிகள் விசாரணைக்கு வருகிறார்கள். அப்போது என்ன நினைத்தாய் என்று கேட்டதற்கு ஒருவர் ஒன்றும் நினைக்கவில்லை என்கிறார். மற்றவர் வயதானவர். சுக்கானை விடச் சொல்லி உத்தரவு வரவில்லை, பிறகு ஏன் விட வேண்டும் என்கிறார். வெள்ளைக்காரர்கள் சாவுக்குப் பயந்து போனார்கள் என்று அவர் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நம்பவில்லை. ஏதோ தனக்குத் தெரியாத ரகசியக் காரணம் இருந்திருக்கும் என்கிறார். ஜிம் ஒரு தகப்பனை முரடனாக நினைத்தான் என்றால், இந்தக் கிழவர் கோழைகளைக்கூட நல்லவர்களாக நினைத்தார். அவரவர் உள்ளே இருப்பதைத்தான் மற்றவரிடம் பார்க்கிறோம் போலும். நாவலில் அவருக்குக் கிடைப்பது சில வரிகள்தான். எனக்கு ஜிம்மைவிட அவர் நினைவில் நிற்கிறார்.

ஒரு மனிதனின் உள்நோக்கத்தை எடைபோட வகுப்பில் நான் மூன்று கேள்விகள் சொல்லிக்கொடுப்பேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். காரணத்தை எப்போது சொன்னார், முடிவு தெரியும் முன்பா, பின்பா? அந்தக் காரணத்தால் யாருக்கு லாபம்? மறுத்துப் பேசக்கூடியவர் அங்கே இருந்தாரா?

ஜெட்டாவுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் 10 அன்று அவர்கள் பேசும்போது மறுத்துப் பேச ஒருவரும் இல்லை. கப்பல் மூழ்கிவிட்டது என்றால் அவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள். மூழ்கவில்லை என்றால் ஓடிப்போனவர்கள். ஒரே ஒரு நாள் அந்தக் கதை நிலைத்தது. ஆன்டெனார் அந்த வழியில் வராமல் போயிருந்தால்? பயணிகள் கலகக்காரர்கள், கொலைகாரர்கள் என்றே நம் பாடப்புத்தகங்களில் இருந்திருக்கும். நானும் அதையே கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பேன்.

இது பழங்கதை இல்லை. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். பயணிகள் உள்ளே இருக்கும்போதே வெளியேறிய கேப்டன், தான் தடுக்கிப் படகுக்குள் விழுந்துவிட்டதாகச் சொன்னார். 16 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஜிம்மும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னான். ஒரே வேறுபாடு, ஜிம் அந்தச் சாக்கைத் தானே நம்ப முடியாமல் வாழ்நாளெல்லாம் தவித்தான். அந்தத் தவிப்புக்காகத்தான் அவனை நாம் மன்னிக்கப் பார்க்கிறோம்.

வில்லியம்ஸ் என்ன ஆனார் என்றும் சொல்லிவிடுகிறேன். நாவலில் ஜிம் தொலைதூரத்து ஊருக்குப் போய் மக்கள் போற்றும் தலைவனாகி, கடைசியில் தன் தவற்றுக்கு விலையாகத் துப்பாக்கிக் குண்டை நெஞ்சில் வாங்கிச் சாகிறான். வில்லியம்ஸுக்கு அப்படியெல்லாம் நடக்கவில்லை. எல்லாருக்கும் அவர் கதை தெரிந்த அதே சிங்கப்பூருக்குத் திரும்பினார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சாமான் விற்கும் கடையில் எழுத்தராக வேலை பார்த்தார். குடும்பத்தோடு வாழ்ந்து 1916-இல் அங்கேயே இறந்தார். ஒளிந்து ஓடாமல், தெரிந்தவர்கள் முகத்தில் தினமும் விழித்துக்கொண்டு முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்வதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆக, கேட்ட மாணவருக்கு என் பதில்: ஜிம் பயந்துதான் குதித்தான். பயம் யாருக்கும் வரும், எனக்கும் வரும். அதில் பெரிய மர்மம் இல்லை. பயந்தவன் அடுத்த நாள் என்ன சொல்கிறான், யார் மேல் பழி போடுகிறான் என்பதில்தான் ஆளின் தரம் தெரியும். கிளார்க்கும் வில்லியம்ஸும் விட்டுவந்தவர்கள் மேலேயே பழியைப் போட்டார்கள். ஜிம் போடவில்லை. அந்த ஒன்றுக்காக அவனுக்கு என் கையால் தேர்ச்சி மதிப்பெண் உண்டு.

உங்களில் காவல்துறையில் இருக்கிறீர்கள், மருத்துவமனையில் இருக்கிறீர்கள், வங்கியில், பள்ளியில், தொழிற்சாலையில் இருக்கிறீர்கள். எங்காவது ஒரு விபத்தோ குளறுபடியோ நடந்தால் அறிக்கை எழுதும் பேனா உங்கள் கையில்தான் இருக்கும். மேலே இருப்பவர் முதலில் வந்து காரணம் சொல்வார். அழகாகவும் சொல்வார். அதை எழுதுவதற்கு முன், கப்பல் உண்மையிலேயே மூழ்கிவிட்டதா என்று ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்களிடமும் இரண்டு வார்த்தை கேளுங்கள்.

நாவலைப் படித்தவர்கள் உங்கள் கருத்தை எழுதுங்கள். என்னோடு மாறுபட்டால் இன்னும் மகிழ்ச்சி. நல்லா இருங்க எல்லாரும்.