சக்கர நாற்காலியும் சமையலறை வாசலும்

மனைவிக்கு முழங்கால்கள் விட்டுப்போனபோது, தாம்பரத்தில் விலையை மட்டும் பார்த்து ஒரு சக்கர நாற்காலி வாங்கினேன். புதுச்சேரிப் பள்ளியில் 'ஃபோத்தேய் ரூலான்' என்று படித்த அதே பொருள்தான். கூடத்தில் ஜோராக உருண்டது. சமையலறை வாசலில் நின்றுவிட்டது. "காபியை நானே போட்டுக்கத்தானே கேட்டேன்" என்றாள்.

வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் நினைவுக்கு வந்தார். 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் செயலிழந்தவர். தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்றார் டாக்டர் பால் பிராண்ட். சக்கர நாற்காலியிலிருந்தே செய்தார் மேரி. 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையமும் திறக்கப்பட்டது. அவர் விஷயத்தில் வேலையைத்தான் முதலில் யோசித்தார்கள். நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

டேப்பை எடுத்து அளந்தேன். வாசல் 24 அங்குலம், நாற்காலி 26. குறுகலான வேறொன்று வாங்கினால், அடுப்பு மேடை எட்டவில்லை! இப்போது இண்டக்‌ஷன் அடுப்பு சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. காபி அவள் கையால்தான்.