மதகடி லஸ்கரும் மாலுமி லஸ்கரும்

காவிரிப் பாசனப் பகுதியில் லஸ்கர் என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். வாய்க்காலைப் பார்த்துக்கொள்பவர், முறைவைத்து மதகைத் திறந்து அடைப்பவர், நீர்வளத்துறையின் கடைநிலைப் பணியாளர். இதே பெயரை லண்டன், லிவர்பூல் துறைமுகங்களில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேறோர் ஆளுக்கு வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் கப்பல்களில் தளம் கழுவிய, கொதிகலனுக்குக் கரி தள்ளிய இந்திய மாலுமிக்கு.

இருவருக்கும் மூலம் பாரசீகச் சொல்லான ‘லஷ்கர்’. பொருள் படை, பாசறை. குவாலியரில் சிந்தியாவின் படை முகாமிட்ட இடம் ஊராகி, இன்றும் லஷ்கர் என்றே வழங்குகிறது. அரபியில் அது ‘அஸ்கர்’ ஆயிற்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் ‘அஸ்காரி’ என்றால் சிப்பாய். இலங்கையில் போர்ச்சுக்கீசியரும் பின்வந்த டச்சுக்காரர்களும் வைத்திருந்த உள்ளூர்ப் படையாள் லஸ்கரின். அதுவரை சொல்லில் ஆயுதம் இருந்தது. ஆங்கிலேயரிடம் வந்த பிறகு அது கீழிறங்கியது. பீரங்கிக்கு எடுபிடி செய்தவன் கன் லஸ்கர், கூடாரம் அடித்தவன் டென்ட் லஸ்கர். நம் மதகடி லஸ்கரும் இந்த வரிசையில் வந்தவர்தான் என்பது என் ஊகம். கடலில் இன்னும் மோசம்: சம்பளத்துக்குக் கப்பலேறிய ஆசியர் எல்லாரையும் அந்த ஒரே சாக்கில் கட்டினார்கள்.

கப்பலுக்குள் அவர்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. ஆட்களைத் திரட்டி வேலை வாங்குபவர் சாரங்கு. அவருக்கு அடுத்தவர் தண்டல். சுக்கான் பிடிப்பவர் சுக்கானி, சமைப்பவர் பண்டாரி. தூத்துக்குடித் தோணிக்காரர்களிடம் தண்டல் என்று சொல்லிப் பாருங்கள், அகராதி தேவைப்படாது. இந்தப் பெயர் ஒவ்வொன்றிலும் ஒரு தொழில் தெரிகிறது. லஸ்கர் என்பதில் தெரிவது கூலி மட்டும்.

அந்தக் கூலியைச் சட்டமே காத்து நின்றது. 1823இல் வந்த பிரிட்டிஷ் சட்டம் லஸ்கரைத் தனி ஒப்பந்தத்தில் நிறுத்தியது. பயணம் முடிந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஒரே கப்பலில் வெள்ளை மாலுமி வாங்கியதில் ஒரு சிறு பங்குதான் இவர்களுக்கு. 1939இல் போர் மூண்டபோது பிரிட்டிஷ் துறைமுகங்களில் லஸ்கர்கள் கூலி உயர்வும் போர்ப்படியும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். கூலியும் ஓரளவு உயர்ந்தது. நீர்மூழ்கிகள் காத்திருந்த கடலுக்குள் போகச் சொன்னவர்களிடம் அதைக்கூட மல்லுக்கட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது.

1940 செப்டம்பர் 17 இரவு, ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ என்ற பயணிகள் கப்பலை யு-48 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது. குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேர் இறந்தார்கள். அந்தத் துயரம் பிரிட்டனின் நினைவில் ஆழமாக நிற்கிறது, நிற்க வேண்டியதுதான். கப்பல் பணியாளர்களில் இறந்தவர்களும் நூற்றுக்கு மேல், பெரும்பாலோர் லஸ்கர்கள். காசியின் பெயர் தாங்கிய கப்பலில் போன அவர்களை அந்த அளவுக்கு யார் நினைத்தார்கள்? ஆறு சிறுவர்களோடு எட்டு நாள் மிதந்து மீட்கப்பட்ட படகு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. அதிலிருந்த 46 பேரில் பாதிக்கு மேல் லஸ்கர்களே.

கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு லண்டன் டவர் ஹில்லில் நினைவிடம் உண்டு. முதல் உலகப் போருக்கான பகுதி 1928இல் திறக்கப்பட்டது, இரண்டாம் போருக்கானது 1955இல். இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 36,000 பெயர்கள். லஸ்கர் ஒப்பந்தத்தில் போனவர்களை அங்கே தேடிப் பயனில்லை. இரண்டாம் போரில் இறந்த சுமார் 6,000 இந்திய வணிக மாலுமிகளின் பெயர்களைப் புத்தகத்தில் எழுதி, ஒரு படியை மும்பை மாலுமிகள் இல்லத்திலும் இன்னொன்றைச் சிட்டகாங்கிலும் வைத்தார்கள். ஒரே குண்டில் செத்தவர்களில் ஒருவருக்கு வெண்கலப் பலகை, இன்னொருவருக்குக் காகிதம். சம்பளத்தில் பிரித்த கோடு சாவுக்குப் பிறகும் அழியவில்லை.

கொல்கத்தாவில் மட்டும் அந்தச் சொல்லையே பெயராகக் கொண்ட நினைவுத் தூண் இருக்கிறது. முதல் போரில் இறந்த வங்காள, அசாம் பகுதி மாலுமிகள் 896 பேருக்காக 1924இல் எழுப்பியது. நான்கு பக்கமும் பழங்காலக் கப்பலின் முகப்பு நீட்டி நிற்கும். பாழடைந்து கிடந்த அதை 1990களில் மீட்க முன்வந்தவர் ஓர் இந்தியக் கடற்படை அதிகாரி.

மலாயில் இச்சொல்லுக்குத் தாழ்வு நேரவில்லை. மலேசியக் கடற்படையில் இன்றும் லஸ்கர் என்பது சீருடை அணிந்த வீரருக்கான பதவிப் பெயர்.