வெளியே போகாத வெள்ளீயம்

1903ஆம் ஆண்டில் மலாய் ஐக்கிய மாநிலங்களின் பிரித்தானிய நிர்வாகம் வெள்ளீயத் தாதின் மீது ஒரு புதிய ஏற்றுமதித் தீர்வையை விதித்தது. தாது அந்நிய நாட்டுக்குப் போவதானால் எந்த வணிகனுக்கும் கட்டுப்படியாகாத அளவுக்குத் தீர்வை. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் உருக்கப்படுவதானால் அந்த மேலதிகத் தீர்வை இல்லை. இன்று 'முக்கிய கனிமங்கள்' என்ற பெயரில் கன்பராவும் வோஷிங்டனும் கோலாலம்பூரும் வகுக்கின்ற வரிக்கொள்கைகளுக்கு இதைவிடத் தெளிவான முன்னோடி ஒன்றைக் காண்பது அரிது.

காரணம் அமெரிக்கர்கள். நியூ ஜேர்சி மாநிலத்தின் பேயோன் நகரில் உருக்காலை ஒன்றை நிறுவி, மலாயத் தாதை அங்கு கொண்டுசென்று உருக்குவதற்கு அவர்கள் திட்டமிட்டிருந்தார்கள். அக்காலத்தில் உலக வெள்ளீயத்தில் ஏறத்தாழ அரைவாசி மலாயாவிலிருந்து வந்தது. அதன் பெரிய நுகர்வோரோ அமெரிக்கத் தகரத் தொழிற்சாலைகள். தாதும் கைமாறிவிட்டால் சிங்கப்பூர் உலைகள் அணைந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. தீர்வை வந்தது, பேயோன் திட்டம் படுத்தது. 1942இல், யுத்தத்தின் நெருக்கடியில்தான், டெக்சாஸ் சிற்றி நகரில் அமெரிக்க அரசாங்கம் பெரிய வெள்ளீய உருக்காலையொன்றை இயக்கியது. அதற்கும் தாது வந்தது பெரும்பாலும் பொலிவியாவிலிருந்து.

சிங்கப்பூர் உலைகள் யாருடையவை? 1887இல் தோன்றிய ஸ்ட்ரெயிட்ஸ் ட்ரேடிங் கம்பனி, 1890இல் புலாவ் பிராணித் தீவில் தனது ஆலையைத் தொடங்கியது. அதற்கு முன்னர் சுரங்கத்துக்கு அருகிலேயே சீனர்கள் மரக்கரி உலைகளில் தாதை உருக்கி வந்தார்கள். கம்பனி ரொக்கப் பணம் கொடுத்துத் தாதை வாங்கியது. நிலக்கரியில் இயங்கும் பெரிய உலைகளை வைத்திருந்தது. காடுகள் அழிய அழிய மரக்கரியின் விலையும் ஏறியது. உள்ளூர் உலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆகவே 1903இன் தீர்வை உள்நாட்டுக் கைத்தொழிலைக் காத்தது என்று எழுதுவோர் சற்று நிதானிக்க வேண்டும். தாது தோண்டப்பட்டது பேராக்கிலும் சிலாங்கூரிலும். உருக்கும் தொழிலும் அதன் இலாபமும் சேர்ந்ததோ துறைமுகங்களில். மாநிலங்களுக்குத் தீர்வை வருமானம் இருந்தது உண்மை; ஆனால் சுரங்க முதலாளிக்குத் தாதை விற்கக்கூடிய வாசல்களில் ஒன்று மூடப்பட்டதும் உண்மை. ஒரே கொடியின் கீழ் இருந்ததால் இரண்டும் ஒரே பிரதேசம் என்று லண்டன் கணக்குப் போட்டது.

(இந்தத் தாதுக் கதையில் நம்மவர்களுக்கும் ஒரு பங்குண்டு. லாருட் பகுதியின் வெள்ளீயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுவர 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை மலாயாவின் முதலாவது இருப்புப் பாதை திறக்கப்பட்டது. எட்டு மைல் நீளம். அதை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் எழுதுவினைஞர்களாகவும் புகையிரத நிலைய அதிபர்களாகவும் அங்கு குவிந்தது தனிக்கதை.)

சுதந்திரத்தின் பின் கோல் மாறியது. தண்டிக்கும் தீர்வைக்குப் பதிலாக அழைக்கும் சலுகை வந்தது. 1958இன் முன்னோடிக் கைத்தொழில் கட்டளைச் சட்டம் புதிய ஆலைகளுக்கு வருமான வரியிலிருந்து சில ஆண்டுகள் விலக்களித்தது. 1968இன் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம் பின்தங்கிய பகுதிகளில் அமையும் ஆலைகளுக்கு அந்தக் காலத்தை மேலும் நீட்டியது. 1986இல் மற்றொரு சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

அதற்குள் வெள்ளீயத்தின் காலமே முடிந்துகொண்டிருந்தது. 1985 ஒக்டோபரில் சர்வதேச வெள்ளீயப் பேரவை கடன் தீர்க்க வழியின்றி வீழ்ந்தபோது மலேசியத் தமிழர் 'ஈயலம்பம்' என்றழைக்கும் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. எஞ்சியது 'அமாங்' என்னும் கழிவு மணல். அதிலிருந்த மொனசைற்றில் அருமண் தனிமங்கள் இருந்தன; கூடவே கதிர்வீச்சுடைய தோரியமும் இருந்தது. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982இல் ஏசியன் றெயார் ஏர்த் ஆலை இயங்கத் தொடங்கியது. ஜப்பானின் மிற்சுபிஷி கெமிக்கல் அதில் 35 சதவீதப் பங்காளி.

தோரியக் கழிவை எங்கே வைப்பது என்பதற்கு விடை காணாமலே ஆலை ஓடியது. 1985இல் கிராமத்தவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். குழந்தைகளுக்கு வந்த இரத்தப் புற்றுநோய்க்கும் பிறவிக் குறைபாடுகளுக்கும் ஆலையே காரணம் என்றார்கள், கம்பனி மறுத்தது. 1992 ஜூலை 11இல் ஈப்போ மேல் நீதிமன்றம் ஆலையை மூடுமாறு தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கில் வென்ற கம்பனி, அடுத்த மாதமே ஆலையை மூடுவதாக அறிவித்தது! துப்புரவாக்கும் பணிக்குச் சுமார் 10 கோடி அமெரிக்க டொலர் செலவானதாகப் பின்னாளில் பத்திரிகைகள் எழுதின.

இவ்வளவும் நடந்த நாட்டில்தான் அவுஸ்திரேலியாவின் லைனாஸ் கம்பனிக்கு 12 ஆண்டு வரி விலக்குடன் முன்னோடித் தகுதி அளிக்கப்பட்டது. மேற்கு அவுஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் தாது, கடல் கடந்து பகாங் மாநிலத்தின் கெபெங்கிற்கு வந்தது. 2012 நவம்பரில் எதிர்ப்பாளர்கள் குவாந்தானிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நடந்தார்கள். அதே மாத இறுதியில் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. வருமான வரியைப் பன்னிரண்டு ஆண்டுகள் விட்டுக்கொடுத்த நாட்டுக்குக் கிடைத்தவை வேலைவாய்ப்பும் தொழில்நுட்பப் பெயரும் என்று அரசாங்கம் சொன்னது. தாதின் உலோகம் ஏற்றுமதியாகிறது, தோரியம் இங்கே தங்குகிறது என்று நடந்தவர்கள் சொன்னார்கள். வரிச்சலுகை ஆவணங்கள் எதிலும் இந்த இரண்டாவது கணக்குக்குப் பத்தி ஒதுக்கப்படுவதில்லை என்பதே என் குறை.

பின்னர் மலேசியா, கதிர்வீச்சுடைய பகுதியைப் பிரிக்கும் வேலையை அவுஸ்திரேலியாவிலேயே செய்யுமாறு நெருக்கியது. கல்கூர்லியில் புதிய ஆலை 2024இல் முறைப்படி திறக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் அவுஸ்திரேலிய நாடாளுமன்றம், உள்நாட்டில் முக்கிய கனிமங்களைப் பதப்படுத்தும் செலவில் 10 சதவீதத்தை வரியில் ஈடுசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 2027 ஜூலை முதல் அது பயன்தரும். ஒரு காலத்தில் மலேசியா கொடுத்த சலுகையை இப்போது தாதின் சொந்த நாடே கொடுக்க முன்வந்திருக்கிறது.

மலேசியாவோ தன் மண்ணிலுள்ள அருமண் தாது பதப்படுத்தப்படாமல் வெளியேறுவதை 2024 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. 1903இன் தீர்வையைப் போட்டவர்கள் இதைப் படித்திருந்தால் வாசகத்தை உடனே அடையாளம் கண்டிருப்பார்கள். ஆனால் இம்முறை ஆலை எந்த மாநிலத்தில் அமையும், அதன் கழிவு எந்த ஊருக்குப் போகும் என்பவற்றை முடிவு செய்ய வேண்டியவர்கள் புக்கிட் மேராவை நேரில் கண்ட தலைமுறையினர்.