ஒளியில் பிறந்து உலையில் வளர்ந்த பின்னம்

சூடான ஒரு பரப்பிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சில் எத்தனை பங்கு எதிரே இருக்கும் இன்னொரு பரப்பைப் போய்ச் சேர்கிறது? அந்தப் பங்கைச் சொல்லும் பின்னத்துக்கு 'வியூ ஃபேக்டர்' என்று பெயர். அதற்கு வெப்பநிலை வேண்டாம், உலோகம் எதுவென்று தெரிய வேண்டாம். அளவு, தூரம், சாய்வு, நடுவே மறைப்பு உண்டா இல்லையா, இவ்வளவு போதும். ஒரு கனசதுரப் பெட்டியின் தரையிலிருந்து கூரைக்கு 0.1998, சுவர் ஒவ்வொன்றுக்கும் 0.2000. தசமச் சுருக்கத்தை விட்டுப் பார்த்தால், ஐந்தின் கூட்டுத்தொகை 1.

இதன் வேர் வெப்பத்தில் இல்லை. தையல்காரர் மகனான லாம்பெர்ட் 1760-இல் ஒளியை அளப்பது பற்றி எழுதிய லத்தீன் நூலில் இருக்கிறது. சாய்வு கூடக்கூட ஒளி எப்படிக் குறைகிறது என்ற கொசைன் விதி அவர் தந்தது. வியன்னாவில் இயற்பியலாளர் ஸ்டெஃபான் 1879-இல், பரப்பு உமிழும் வெப்பம் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்றார். எவ்வளவு கிளம்புகிறது என்பது தெரிந்துவிட்டது. எங்கே போகிறது என்ற கேள்வி உலை கட்டுகிறவர்களுக்கு வந்தது.

அதற்கு 1928-இல் பொறியாளர் நுசெல்ட் காட்டிய வழி அழகானது. பரப்பின் ஒரு புள்ளியைச் சுற்றி அரைக்கோளம் ஒன்றைக் கவிழ்த்து, எதிர்ப் பரப்பின் உருவத்தை அதன்மேல் விழவைத்து, அப்படியே கீழே அடிவட்டத்தில் இறக்கினால், வட்டத்தில் அது அடைக்கும் பங்கே விடை. எம்.ஐ.டி.யில் ஹாட்டல் என்ற பேராசிரியர், நீளமான பரப்புகளுக்கு, விளிம்புகளுக்கிடையே நூல் கட்டி அளப்பது போன்ற ஒரு சூத்திரமே தந்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். 1984-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணினிப் படம் வரைகிறவர்கள் இந்தக் கணக்கைக் கையில் எடுத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த டாரன்ஸ் இயந்திரவியல் பேராசிரியர். சிவப்புச் சுவரின் சாயல் பக்கத்திலுள்ள வெள்ளைப் பரப்பில் படர்வது திரையில் வந்தது. பொருள்கள் ஒன்றையொன்று மறைப்பதுதான் அப்போது தீராத தொல்லை. மறு ஆண்டே அதே கார்னெலில் கோஹனும் கிரீன்பெர்க்கும் அரைக்கோளத்துக்குப் பதில் அரைக் கனசதுரத்தை வைத்தார்கள். அதன் முகங்கள் தட்டையானவை, திரையைப் போலப் பிக்சல்களாகப் பிரிக்கலாம். எந்தப் பொருள் முன்னால் நிற்கிறது என்பதைக் கணினி பிக்சல் பிக்சலாகச் சொல்லிவிடும்.

இன்று ஆன்சிஸ், காம்சால் போன்ற, பொருளைச் சிறு துண்டுகளாக்கிக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள்களில் வெப்பக் கதிர்வீச்சுக்கும் அதே அரைக் கனசதுரம், 'ஹெமிக்யூப்' என்ற பெயரில், வந்து உட்கார்ந்திருக்கிறது. 10,000 சிறு முகங்களாகப் பரப்பைப் பிரித்தால் 10 கோடி பின்னங்கள். நான்காம் அடுக்கு இருப்பதால் விடையைத் திரும்பத் திரும்பத் திருத்தித்தான் நெருங்க வேண்டும். மூடிய பெட்டியில் எந்தப் பிக்சலும் ஏதோ ஒரு சுவரைப் பார்த்தே தீரும். அதனால் பின்னங்கள் தவறாக இருந்தாலும் கூட்டுத்தொகை 1 வந்துவிடும். அதை நம்பி விட்டுவிடக் கூடாது. மிக நெருங்கி நிற்கும் இரு பரப்புகளை எடுத்து, இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று இரண்டு பின்னங்களையும் எடுத்து, ஒவ்வொன்றையும் அது கிளம்பும் பரப்பின் பரப்பளவால் பெருக்கிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வரவில்லையென்றால், பிக்சல்களின் எண்ணிக்கையைக் கூட்டியாக வேண்டும்.