காலடி நிலத்துக்குப் பொறுப்பு யார்?

யாழ்ப்பாணத்தவருக்குச் சுண்ணக்கல் புதிதல்ல. நிலாவரைக் கிணற்றடியில் நின்ற எவரும், நிலத்தின் கீழே நீர் குடைந்த வழிகள் உண்டென்பதை உணர்ந்திருப்பர். அவ்வாறே சுண்ணக்கல்லின் மேல் அமைந்த இன்னொரு குடாநாடு அமெரிக்காவின் புளோரிடா.

மழைநீரிலுள்ள மெல்லிய அமிலம் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அக்கல்லைக் கரைத்துக் குகைகளை உண்டாக்குகிறது. வரட்சியில் நிலத்தடி நீர் இறங்கினால் குகையின் கூரை தாங்கலை இழக்கிறது. அடுத்துப் பெருமழை பெய்தால், பாரம் தாங்காது நிலம் உள்வாங்கிவிடுகிறது. 1981 மே மாதம் வின்டர் பார்க் நகரில் 300 அடிக்கும் அதிக அகலமான குழி தோன்றி, ஒரு வீட்டையும் பல கார்களையும் நகர நீச்சல் தடாகத்தின் ஒரு பகுதியையும் விழுங்கியது. 2010 ஜனவரியில் பிளான்ட் சிற்றியில், உறைபனியிலிருந்து ஸ்ரோபெரிப் பயிரைக் காக்க விவசாயிகள் இரவு பகலாக நீர் இறைத்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட குழிகள் தோன்றின. ஆகவே இது இயற்கையின் செயல் மட்டுமன்று.

இதே மாநிலத்தின் நடுப்பகுதியில்தான், ஓய்வு பெற்றோருக்கெனத் திட்டமிட்டு எழுப்பப்பட்ட 'தி வில்லேஜஸ்' உள்ளது. ஹரோல்ட் சுவார்ட்ஸ் தொடங்கிய குடியிருப்பை அவருடைய மகன் கேரி மோர்ஸ் விரிவாக்கினார். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அங்கு 79,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். 2018இல் அங்கும் சில வீடுகளின் முன்னால் நிலம் உள்வாங்கியது. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கிய முதியவர்கள் வெளியேற நேர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 2007இலிருந்து புளோரிடாவின் சாதாரண வீட்டுக் காப்புறுதி, நிலம் முற்றாக இடிந்து விழுவதற்கு மாத்திரமே ஈடு தரக் கடமைப்பட்டுள்ளது. நிலம் திடீரென இடிய வேண்டும். பள்ளம் வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டும். கட்டமைப்புச் சேதமடைய வேண்டும். அரசு வீட்டைக் காலி செய்யக் கட்டளையிட வேண்டும். இந்நான்கும் சேர வேண்டும். சுவர் வெடித்தவர், மேலதிகக் காப்புறுதி பெற்றிராவிட்டால், தம் கைப்பணத்தையே நம்ப வேண்டும்.

கட்டியவரின் பொறுப்போ சுருங்கி வருகிறது. மறைந்திருக்கும் கட்டுமானக் குறைகளுக்கு வழக்குத் தொடரும் உச்ச வரம்பு 10 ஆண்டுகளாக இருந்தது. 2023இல் அது 7 ஆகக் குறைக்கப்பட்டது. கல் கரைவதற்கு ஆயிரம் ஆண்டுகள். பொறுப்புக் கரைவதற்கு ஏழு!

காணி வழக்குகளைப் பற்றி நீண்டகாலம் எழுதியவன் நான். வீட்டின் பாரிய குறையை அறிந்த விற்பனையாளர் அதை மறைக்கலாகாது என 1985இலேயே புளோரிடாவின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது அறிந்ததைச் சொல்லும் கடமை. ஆயிரக்கணக்கான வீடுகளை ஒரே நிலத்தில் எழுப்புபவருக்கு, அந்நிலத்தை ஆராய்ந்து அறியும் கடமையும் இருக்க வேண்டாமா? நிலத்தைத் தெரிவு செய்தவர் அவர். எழுபது வயதில் திறப்பைக் கையேற்பவர், துளையிட்டுக் கல்லைச் சோதிக்கப் போவதில்லை.